தலைவருக்கு அழுத மாமி

காலை நிலாவெளி பஸ் துறைமுகச் சந்தியில் ஆட்களை ஏற்றுவதற்கு நிற்கும். அந்த நேரம் யாராவது வெளியூர்க்காரர் யன்னலால் எட்டிப் பார்த்து, “அந்தச் சுவரில அழுகிற மனுசி ஆர்?” என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிட்டால் போதும். எவ்வளவு பின்னால் இருந்தாலும் மாமி எழும்பி, கம்பிகளைப் பிடித்துப் பிடித்து முன்னுக்கு வந்துவிடுவார்.

“அது நான்தான்.”

கேட்டவர் திடுக்கிட்டுத் திரும்புவார். சுவரில் இருப்பவள் ஒரு மாடி உயரம். தலைமயிர் அவிழ்ந்து காற்றில் பறக்கும். அவளுக்குப் பின்னால் வெள்ளைக் கொடி, அதற்கும் பின்னால் கொல்லப்பட்ட தலைவரின் சிரித்த முகம். பஸ்ஸுக்குள் நிற்பவரோ கட்டையான ஒரு மனுசி. கையில் சாப்பாட்டுப் பை. ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிறவர்கள் போடுகிற நீலச் சட்டை. எண்ணெய் வைத்து இறுக்கிக் கட்டிய கொண்டை.

“நான்தான். ஆனா நான் அந்தத் தலைவருக்கு அழேல்ல. என்ட மகனைக் கூப்பிட்டனான். வாயை வடிவாப் பாருங்கோ. அழுகிற வாய் அகலுமெல்லோ? இது குவிஞ்செல்லோ இருக்கு. நீங்களும் ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ, யூட் எண்டு.”

சிலர் சொல்லிப் பார்ப்பார்கள். சிலர் சிரித்துவிட்டு மற்றப் பக்கம் திரும்புவார்கள். கண்டக்டர், “மாமி, இருங்கோ, பஸ் எடுக்கப்போறம்” என்று சொல்லி அவரை இருத்துவான். மாமி இருப்பார். அடுத்த கிழமை வேறொருவர் கேட்டால் மறுபடியும் எழும்புவார். நான் வருடக்கணக்காக அதே பஸ்ஸில், அதே ஹோட்டலுக்கு வேலைக்குப் போனவள். அவர் அறைகளைத் துப்புரவாக்குவார், நான் வரவேற்பு மேசையில் இருப்பேன். ஒருநாளாவது அவர் சலித்துப்போய், கேட்காததுபோல இருந்ததை நான் காணவில்லை.

எங்கள் ஒழுங்கையில் அவருடையது பக்கத்து வீடு. புருசன் நெஞ்சு வருத்தத்தில் போனபோது யூட் கைக்குழந்தை. அவனை வைத்துக்கொண்டு மாமி வேறு எதையும் யோசிக்கவில்லை. யூட் பெரிய கெட்டிக்காரன் அல்ல. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, மீன்பிடி ஜெட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஐஸ் கொம்பனியில் கட்டி தூக்கப் போனான். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் கைகள் இரண்டும் வெளிறிப்போய் இருக்கும். மாமி அவற்றைத் தன் கன்னத்தில் வைத்துச் சூடாக்கிக்கொண்டே, “என்ன பிள்ளை இது, பிரேதத்தின்ட கை மாதிரி” என்று ஏசுவார். அந்த வார்த்தையைச் சொன்னதற்காகப் பிறகு எத்தனையோ தரம் தன் வாயிலேயே அடித்துக்கொண்டார்.

நாட்டின் தலைவர் கொழும்பில் ஒரு கூட்டத்துக்கு நடுவில் குண்டு வெடித்துக் கொல்லப்பட்டார். பக்கத்தில் நின்றவர்களும் அவரோடு செத்துப்போனார்கள். அவர்களில் ஒருவரின் பெயரைக்கூட நான் இன்றுவரை கேள்விப்பட்டதில்லை. செய்தி வந்ததும் கடைகளின் கதவுகள் ஒவ்வொன்றாக இழுத்து மூடப்பட்டன. தந்திக் கம்பங்களில் வெள்ளைக் கொடி ஏறியது. எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் உரத்துக் கதைக்கவில்லை. துக்கத்தால் அல்ல. இனி என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

அடுத்த நாள் காலை ஜெட்டியைச் சுற்றி வளைத்தார்கள். வேலைக்கு வந்த இளம் பெடியன்களை வரிசையில் நிறுத்தி, ஒரு வாகனத்துக்கு முன்னால் நடக்க விட்டார்கள். வாகனத்துக்குள் சாக்கால் முகத்தை மூடியபடி ஒருவன் இருந்தான். தலையாட்டி என்று சனம் சொல்வது அவனைத்தான். அவன் தலையை ஆட்டினால் ஆள் மற்றப் பக்கம் போகவேண்டும். யூட்டுக்கு ஆட்டினான். ஏன் ஆட்டினான் என்பது அவனுக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

மாமி இராணுவ முகாமின் வாசலில் போய் நின்றார். மற்றத் தாய்மாரும் நின்றார்கள். தலைவரின் இறுதிச் சடங்கு நாள் அன்று முகாம் வாசலில் அவருடைய பெரிய படமொன்றை வைத்து, மாலை போட்டு, கொடியும் கட்டியிருந்தார்கள். ஊர்கள் எப்படித் துக்கம் அனுட்டிக்கின்றன என்று படமெடுக்கக் கொழும்பிலிருந்து ஒரு பத்திரிகைக்காரரும் வந்திருந்தார். அந்த நேரம் படலை திறந்து ஒரு வாகனம் வெளியே போனது. பின்பக்கத்தில் கைகள் கட்டப்பட்டபடி யூட் இருந்ததை மாமி கண்டார். அவர் ஓடினார். “யூட்” என்று கத்தினார். வாகனம் வளைவில் திரும்பிப் போய்விட்டது. கமெரா மாமியைப் பிடித்துக்கொண்டது. மகனை அவர் கடைசியாகக் கண்டது அப்போதுதான்.

சில நாட்கள் கழித்து, சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த கிண்ணியா நானா என்னைக் கூப்பிட்டார். கடைக்கு வருகிற சிங்களப் பத்திரிகை அவருடைய கையில் இருந்தது.

“தங்கச்சி, இஞ்ச பாருங்க. இது ஒங்கட பக்கத்து வூட்டு ஆள்தானே?”

முதல் பக்கத்தில் பாதிக்கு மேல் மாமியின் முகம். பின்னால் வெள்ளைக் கொடி, தலைவரின் மாலை போட்ட படம். தலைவரை இழந்து கதறும் தமிழ்த் தாய் என்று கீழே எழுதியிருந்தது. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். அப்பா கடற்படைத் தளத்தில் வேலை செய்த காலத்தில் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள் நான். வாசித்து முடித்ததும் பத்திரிகையை மடித்து ஒளித்துவிடலாமா என்றுதான் யோசித்தேன்.

ஆனால் மாமிக்கு நான் அதைச் சொன்னபோது அவருடைய முகத்தில் வெளிச்சம் வந்தது.

“முழு நாடும் என்னைப் பாத்திருக்கு என்ன? அப்ப இனி ஒளிக்க ஏலாது. வா பிள்ளை, போவம்.”

பத்திரிகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முகாமுக்கு வந்தார். முன்பெல்லாம் வாசலிலேயே விரட்டியவர்கள் அன்று உள்ளே விட்டார்கள். அதிகாரி எழும்பி நின்று கதிரை காட்டினார். தேத்தண்ணி வந்தது. எங்கள் தலைவருக்காக இப்படி அழுத ஒரு தாயை நான் மதிக்கிறேன் என்றார். நான் அதைத் தமிழில் மாமிக்குச் சொன்னேன். மாமி கும்பிட்டுவிட்டு, “என்ட மகன் எங்க எண்டு கேள்” என்றார்.

அப்படி ஒருவரையும் நாங்கள் கொண்டுவரவில்லை என்றார் அதிகாரி.

மாமி பத்திரிகையை மேசையில் விரித்தார். “இந்தப் படம் எடுக்கேக்க அவன் வாகனத்துக்குள்ள இருந்தவன். நான் அவனைப் பாத்துத்தான் கூப்பிட்டனான். இந்தா, என்ட கண் எங்க பாக்குது எண்டு பாருங்கோ.”

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அதிகாரி படத்தை நெடுநேரம் பார்த்தார். முரட்டு மனிதர் அல்ல. குரலை உயர்த்தவுமில்லை.

“படத்தில் வாகனம் இல்லையே, அம்மா” என்றார்.

படத்தில் வாகனம் இல்லைத்தான். அது விளிம்புக்கு வெளியே போய்விட்டது. படமெடுத்தவரைத் தேடிக் கேட்டோம். அவர் வெளிநாடு போய்விட்டார் என்றார்கள்.

ஒழுங்கையில் கதை வேறு மாதிரிப் போனது. எங்கள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிற நேரத்தில் இவள் அவர்களுடைய ஆளுக்கு ஒப்பாரி வைத்தாளாம் என்று தண்ணிக் குழாயடியில் பேசினார்கள். மாமி வாளியோடு போனால் பெண்கள் தங்கள் வாளிகளை எடுத்துக்கொண்டு விலகினார்கள். மாதா கோயிலில் அவர் இருந்த நீள வாங்கில் ஒருவரும் இருக்கவில்லை. பிறகு ஒரு மத்தியானம் மூன்று பெடியன்கள் சைக்கிளில் வந்து மாமியின் வீட்டுக்குள் போனார்கள். எந்த இயக்கத்துப் பெடியன்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். என் அம்மா என்னைப் பிடித்து இழுத்தும் நான் வேலியைத் தாண்டிப் போனேன்.

ஒருவன் கதிரையில் இருந்தான். மற்ற இருவரும் வாசலை மறித்து நின்றார்கள். “ஏன் அழுதனீங்கள்?” என்று இருந்தவன் கேட்டான்.

மாமி பயப்படவில்லை. அல்லது பயப்படுவதற்கு அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. பத்திரிகையை எடுத்து அவன் மடியில் வைத்தார்.

“தம்பி, இதில என்ட வாயைப் பாரும். இப்ப நீர் யூட் எண்டு சொல்லும்.”

“என்ன விளையாடுறீங்களோ?”

“சொல்லும் தம்பி. ஒருக்கா.”

அவன் சொன்னான். உதடுகள் குவிந்து முன்னுக்கு வந்தன. மாமி மற்ற இருவரையும் பார்த்தார். அவர்களும் ஒருவருக்குப் பின் ஒருவராகச் சொன்னார்கள். கடைசியாகச் சொன்னவனுக்கு மீசை முளைக்கத் தொடங்கியிருந்தது. சொல்லிவிட்டு அவன் நிலத்தைப் பார்த்தான். கதிரையில் இருந்தவன் பத்திரிகையை மடித்து மாமியின் கையில் கொடுத்தான். பிறகு அவர்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மாமியைச் சுடாமல் விட்டது அந்த ஒரு சொல்தான் என்று நான் இன்றும் நம்புகிறேன். அன்றிலிருந்துதான் எல்லாரையும் அதைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுவது அவருக்குப் பழக்கமானது.

தலைவரின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு மாமியை மேடைக்கு அழைத்தார்கள். போகவேண்டாம் என்று நான் சொன்னேன்.

“மைக் குடுப்பினமெல்லோ?” என்று கேட்டார்.

“குடுப்பினம். ஆனா மாமி...”

“அப்ப போவம்.”

விளையாட்டு மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். மேடையின் பின்சீலையில் அந்தப் படத்தை வர்ணத்தால் பெரிதாகக் கீறியிருந்தார்கள். மாமி வெள்ளைச் சேலையில் அதற்கு முன்னால் போய் நின்றபோது சனம் எழும்பி நின்றது. அவர் நடுங்காமல் பேசினார். வீட்டில் பலநாள் சொல்லிப் பழகியிருந்தார்.

“ஐயாமாரே, அம்மாமாரே. அந்தத் தலைவர் செத்ததில எனக்குச் சந்தோசம் இல்லை. ஆரின்ட பிள்ளையெண்டாலும் பிள்ளைதானே. ஆனா நான் அவருக்கு அழேல்ல. என்ட மகன் யூட்டைக் கொண்டு போகேக்க அவனைக் கூப்பிட்டனான். அவனை எங்க வச்சிருக்கிறீங்கள் எண்டு ஆராவது எனக்குச் சொல்லுங்கோ.”

மேடையில் மொழிபெயர்ப்பதற்கென்று ஒரு தமிழர் நின்றார். கண்ணாடி போட்ட, வேர்த்துக் கொட்டிய மனிதர். அவர் முன்வரிசையில் இருந்த சீருடைகளை ஒருமுறை பார்த்தார். பிறகு சிங்களத்தில் சொன்னார்: இந்தத் தாய் தலைவரைத் தன் சொந்த மகனைப் போல நேசித்தார், அவர் போன இடம் தெரியாமல் இன்றும் தேடுகிறார்.

சனம் கண்ணைத் துடைத்தது. முன்வரிசையில் ஒரு பெண் விம்மி அழுதாள். கைதட்டல் ஓய நேரமெடுத்தது.

மாமி படியிறங்கி ஓடிவந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டார். “கேட்டாங்கள் பிள்ளை! எல்லாரும் அழுததைப் பாத்தியே? இனிச் சொல்லுவாங்கள்.”

அந்த மைதானத்தில் இரண்டு மொழியும் தெரிந்து, வாயைத் திறக்கக் கூடியவள் நான் ஒருத்திதான் இருந்திருப்பேன். வீட்டுக்குப் போகும் வழியில், கடலோரக் கட்டில் அவரை இருத்தி, மொழிபெயர்த்தவர் என்ன சொன்னார் என்பதைச் சொன்னேன். மாமி அலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏசவில்லை.

“அந்த மனுசனுக்கும் பிள்ளையள் இருக்கும்” என்றார் கடைசியில். பிறகு, “அப்ப நான் சிங்களம் படிக்கவேணும்” என்றார்.

எல்லாம் படிக்கவில்லை. ஒரு வசனம் மட்டும் என்னிடம் படித்தார். நான் அழுதது தலைவருக்கு அல்ல, என் மகனுக்கு. ஹோட்டல் அறைகளில் கட்டில் விரிப்புகளை மாற்றும்போது அதை முணுமுணுத்துக்கொண்டிருப்பார். உச்சரிப்புப் பிழையென்றால் மறுபடி கேட்பார். பிறகு வெள்ளைக்காரருக்கென்று அதே வசனத்தை இங்கிலீசிலும் படித்தார். ஒருமுறை வெளிநாட்டுத் தம்பதியொன்று தங்கியிருந்தது. அவர்களுடைய வழிகாட்டி சுவரில் இருக்கும் தாயைப் பற்றி ஹோட்டல் முற்றத்தில் வைத்து உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மாமி துடைப்பத்தோடு போய்த் தன் வசனத்தைச் சொன்னார். வழிகாட்டி சிரித்துவிட்டு, இந்த அம்மாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினான். அந்த வெள்ளைக்காரப் பெண் மட்டும் மாமியின் முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். முதலாளிக்கு விசயம் போய், மாமியை ஒரு கிழமை வேலையால் நிறுத்திவைத்தார்கள்.

சுவர்ப் படம் வந்தது அந்த நினைவு நாளுக்குச் சில வருடங்களுக்குப் பிறகு. துறைமுகத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் காணும்படி அந்த நீளச் சுவரில் தலைவரின் வாழ்க்கையைக் கீறுவது என்று முடிவெடுத்தார்கள். தெற்கிலிருந்து ஓவியர் ஒருவர் வந்து மரச்சாரம் கட்டி, அதில் ஏறி நின்று வேலை செய்தார். அதில் சேர்த்திருந்த மாமியின் முகத்தை அவர் கீறத் தொடங்கிய நாளில் மாமி வேலைக்குப் போகாமல் சாரத்துக்குக் கீழே போய் நின்றார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தன் ஒற்றைச் சிங்கள வசனத்தை மேலே பார்த்துச் சொன்னார்.

ஓவியர் இறங்கி வந்தார். வயதானவர், தாடி முழுக்க வர்ணத் துளி. பத்திரிகைப் படத்தையும் மாமியையும் மாறி மாறிப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். கீழேயே குந்தியிருந்து கேட்டார். கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது.

“அம்மா, துக்கம் எல்லாம் ஒண்டுதானே” என்றார்.

“ஒண்டெண்டால் என்ட பிள்ளையையும் பக்கத்தில கீறுங்கோ” என்றார் மாமி.

அவர் தூரிகையைக் கீழே வைத்தார். படம் மேலிடத்தில் பார்த்து ஒப்பமிட்டது, ஒரு கொடியைக்கூடத் தன்னால் கூட்ட ஏலாது என்று சிங்களத்தில் என்னிடம் சொன்னார். அவருடைய கண் கலங்கியிருந்தது. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

“அப்ப வாயையாவது மாத்தாதேங்கோ” என்று மாமி கேட்டார்.

மாற்றமாட்டேன் என்றார். மாற்றவும் இல்லை. அழகுக்காகக் கண்ணைப் பெரிதாக்கினார், சேலையை வெள்ளையாக்கினார், கன்னத்தில் கண்ணீரும் வைத்தார். உதடுகளை மட்டும் படத்தில் இருந்தபடியே குவித்து வைத்தார். அந்தச் சுவரில் யூட்டுக்கென்று இருந்தது அவ்வளவுதான்.

போர் முடிந்தது. காணாமல் போனவர்களின் தாய்மார் வீதியோரம் தகரக் கொட்டகை போட்டுப் படங்களோடு இருக்கத் தொடங்கினார்கள். கட்டைபறிச்சானிலிருந்தும் மூதூரிலிருந்தும் பெண்கள் விடிய வெளிக்கிட்டு வருவார்கள். மாமி லீவு நாட்களில் யூட்டின் பள்ளிக்கூடப் படத்தைக் கொண்டு போய் அவர்களோடு இருந்தார். முதல் நாளே கமெராக்காரர் ஒருவர் அவரை அடையாளம் கண்டு, மற்றவர்களை விட்டுவிட்டு அவரையே சுற்றிச் சுற்றிப் படமெடுத்தார்.

அவர் போனதும் ஒரு தாய் எழும்பினாள். மூன்று பிள்ளைகளைத் தேடுகிறவள். “அக்கா, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் பின்னால இருங்கோ. உங்கட முகம் அவையின்ட சுவரில இருக்கு. உங்களைக் காட்டி எங்களையும் பொய்யாக்கிப் போடுவாங்கள்.”

மாமி தன்னுடைய விளக்கத்தைச் சொல்ல வாய் திறந்தார். சுற்றிவர இருந்த முகங்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவர் சொல்லாமல் விட்ட ஒரே இடம் அதுதான். கடைசி வரிசைக்குப் போய் இருந்தார். பிறகு எப்போது கமெரா வந்தாலும் யூட்டின் படத்தைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். அந்தக் கொட்டகையில் எடுத்த படங்கள் ஒன்றிலும் மாமியின் முகம் இல்லை. சேலை கட்டிய ஓர் உடம்புக்கு மேல், பள்ளிச் சீருடை போட்ட ஒரு பெடியனின் முகம் இருக்கும்.

மறதி எப்போது தொடங்கியது என்று சொல்ல ஏலாது. முதலில் கதவுத் திறப்புகள் வைத்த இடம். பிறகு பஸ் இலக்கம். ஒருநாள் ஒரே அறையை மூன்று தரம் துடைத்துவிட்டு நான்காவது தரமும் வாளியோடு போனார். ஹோட்டலில் வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொன்னார்கள். மாமியின் தங்கச்சியின் மகள் ஸ்ரெலா அவரைப் பாலையூற்றில் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த நாட்களில்தான் நகரத்தை அழகுபடுத்துகிறோம் என்று இளம் பிள்ளைகள் சுவர்களுக்கெல்லாம் வர்ணம் தீட்டத் தொடங்கினார்கள். துறைமுகச் சுவரும் உரிந்து போயிருந்தது. தலைவரின் முகத்தைப் புதுப்பித்தார்கள். மாமியைக் கண் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போகிற வழியில் நானும் ஸ்ரெலாவும் அதைக் கண்டோம். மாமியும் கண்டார். ஓட்டோவை நிற்பாட்டச் சொல்லி இறங்கினார்.

சுவரில் இருந்தவள் இப்போது இளமையாக இருந்தாள். தலைமயிர் வாரியிருந்தது. வாய் மூடியிருந்தது. கடைக்கண்ணில் ஒரே ஒரு துளி.

கீழே நின்று தூரிகை கழுவிக்கொண்டிருந்த பிள்ளையிடம் மாமி போனார். “வாய் எங்க?”

“என்ன அம்மம்மா?”

“வாய். வாய் துறந்திருந்தது.”

“ஓ, அதோ. துறந்த வாய் பாக்கப் பயமா இருக்கு எண்டு சொன்னவை. சின்னப் பிள்ளையள் போற வழியெல்லோ. இப்ப சாந்தமா இருக்கு, என்ன?”

மாமி அவளைப் பார்த்துத் தன் உதடுகளைக் குவித்தார். சொல்லப்போகிறார் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். உதடுகள் குவிந்தபடியே நின்றன. சொல் வரவில்லை. எதையோ வைத்த இடத்தில் தேடுகிறவர் போலக் கண்கள் அங்கும் இங்கும் ஓடின. அந்தப் பிள்ளை இரக்கப்பட்டுத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். மாமி வாங்கிக் குடித்தார். நன்றி சொன்னார்.

“யூட்” என்று நான் அவருடைய காதுக்குள் சொன்னேன்.

“ஓம், ஓம்” என்றார், யாரோ தெரிந்தவரைப் பற்றிச் சொல்வதுபோல.

இந்த வருடம் தலைவரின் நினைவு நாளில் நான் பாலையூற்றுக்குப் போயிருந்தேன். ஸ்ரெலா மாமியைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, முன்னறையில் சாய்மனைக் கதிரையில் இருத்தியிருந்தாள். தொலைக்காட்சியில் நினைவு நிகழ்ச்சி போய்க்கொண்டிருந்தது. மலர்வளையங்கள், வெள்ளை உடுப்பில் பெரிய மனிதர்கள், பாட்டு. நடுவில் எங்கள் துறைமுகச் சுவரையும் காட்டினார்கள்.

மாமி நிமிர்ந்தார். “அது நான்தான்” என்றார்.

நான் கதிரையை அவருக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். “ஓம் மாமி, நீங்கள்தான். ஆருக்கு அழுறீங்கள் சொல்லுங்கோ?”

அவர் விரலை நீட்டித் தலைவரின் முகத்தைக் காட்டினார். “அவருக்கு. அருமையான மனுசன். குண்டு வச்செல்லோ கொண்டு போட்டாங்கள்.” சொல்லும்போதே அவருடைய கண்கள் நிறைந்து வழிந்தன.

“இல்லை மாமி. நீங்கள் யூட்டுக்கெல்லோ...”

“ஆர் பிள்ளை அது?”

நான் கைப்பையிலிருந்து யூட்டின் பள்ளிக்கூடப் படத்தை எடுக்கப்போனேன். அதை நான்தான் வைத்திருக்கிறேன். ஸ்ரெலா குசினி வாசலில் நின்றபடி என்னைக் கையால் மறித்தாள். அவளுடைய கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது.

“வேண்டாம் அக்கா. கும்பிட்டுக் கேக்கிறன். போன மாதம் வரைக்கும் ராவு ராவா எழும்பி, வாசல்ல போய் நிண்டு அவனைக் கூப்பிடுவா. இப்ப ஒரு கிழமையாத்தான் நித்திரை கொள்ளுறா. சாப்பிடுறா. இனியாவது விடுங்கோ.”

நான் கையைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தேன். படத்தின் விளிம்பு விரலில் பட்டுக்கொண்டிருந்தது. எடுத்தால் இந்த மனுசியின் நித்திரை போகும். எடுக்காவிட்டால் அந்தப் பெடியனுக்கு இந்த உலகத்தில் ஒரு தாயும் இல்லை. நான் எடுக்கவில்லை.

தொலைக்காட்சியில் தலைவருக்கு மெழுகுதிரி ஏற்றினார்கள். எங்களுக்கும் ஒன்று ஏற்றவேண்டும் என்று மாமி பிடிவாதம் பிடித்தார். ஸ்ரெலா மாதா சுரூபத்துக்கு முன்னால் இருந்த திரியைக் கொண்டுவந்து சின்ன மேசையில் வைத்தாள். மாமியின் கையை நான் பிடித்துக்கொள்ள அவர் ஏற்றினார். அந்த வெளிச்சத்தில் தலைவரின் படத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

“அவருக்குத் தாய் இருந்தவவோ?” என்று கேட்டார்.

“இருந்திருப்பா, மாமி.”

மாமி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

“பாவம் அந்த மனுசி. பிள்ளையைப் பறிகுடுத்திட்டு எப்பிடித்தான் உயிரோட இருந்தாவோ?”